மூன்று நாழிகைத் தரிசனம்

சாவகச்சேரி என்னும் பெயரை நாம் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம்! புகையிரத நிலையத்திலும் சந்தையிலும் பாடசாலைப் பதிவேட்டிலும் அப்பெயர் எம் நாவிற் புரண்டு தேய்ந்தே போயிற்று. சாவகர் இருந்த சேரி என்பதே அதன் பொருளென அறிஞர் பலர் கொள்வர். 13ஆம் நூற்றாண்டிலே தாம்பிரலிங்கத்திலிருந்து இலங்கைமீது படையெடுத்து வந்த சந்திரபானு மன்னனோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து அரசாள்வதும் சாவக நாட்டிலேயாம். இவற்றையெல்லாம் கரும்பலகையின் முன் நின்று பல்லாண்டு சொல்லியவர் நாம். ஆயினும், சாவகம் என்பது கால்வைத்து நடக்கக்கூடிய மண் என்னும் எண்ணம் 2018ஆம் ஆண்டு மார்கழி வரை எமக்கு உண்மையில் உதித்ததில்லை.

அவ்வாண்டு விடுமுறையில், அவுஸ்திரேலியாவில் வாழும் மைத்துனரின் அன்பினால், சிட்னித் துறையிலிருந்து கொழும்பு நோக்கிவரும் பெரிய பயணக் கப்பலொன்றில் நாமும் எம் துணைவியாரும் ஏறினோம். கப்பலின் நீச்சற் குளத்தையும் நாடக மண்டபத்தையும் வேளைக்கு வேளை விரியும் உணவு மேசையையும் பற்றி எழுத வேறு பலர் உளர். எமக்கிருந்த கவலை வேறு. திருவெம்பாவைக் காலம் தொடங்கிவிட்டது. திருமணமான நாள்தொட்டு அப்பத்து நாளும் விடியலில் நீராடி ஊர்க்கோயிலுக்குப் போகத் தவறாதவர் எம் துணைவியார். கப்பலிலே கோயிலுக்கு எங்கே போவது? விடியுமுன் மேற்தளத்தில் ஒதுங்கிநின்று, கிழக்கு நோக்கி, பிறர் செவியில் விழாதபடி பாடிவந்தார். தளத்தைக் கழுவ வந்த பிலிப்பைன்சுப் பையன் நீரைப் பீய்ச்சாது பாட்டு முடியும்வரை காத்து நின்றதை ஒரு நாள் கண்டோம்.

யாவாத் தீவின் வடகரையிலுள்ள செமராங் துறையிலே கப்பல் ஒரு பகல் தங்குமென அறிவித்தனர். கரைக்குச் சென்றுவர இரண்டு பயணங்கள் ஒழுங்காகியிருந்தன. ஒன்று பொரோபுதூர் பௌத்தத் தூபிக்கு. மற்றது பிரம்பானன் சிவன் கோயிலுக்கு. ஒரே பகலில் இரண்டையும் பார்த்துத் திரும்ப வழியில்லை. பயணிகளிற் பெரும்பாலோர் பொரோபுதூருக்கே பெயர் கொடுத்தனர். புத்தர்பிரானிடத்து எமக்கு அன்பு குறைந்ததன்று. ஆயினும் எம் வீட்டில் இந்த விடயம் விவாதத்துக்கு எடுக்கப்படவே இல்லை.

துறையிலிருந்து பிரம்பானன் 120 கிலோமீற்றருக்கு மேல். அன்று பார்த்து விடியலிலேயே மழை. கரையிறங்குவதில் ஒரு மணி நேரம் வீணாயிற்று. பொலிசார் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் முன்சென்று வழி விலக்கியும், மலைச்சரிவும் நெல்வயலும் சந்தையுமாக மாறிமாறி வந்த நெருக்கமான வீதியிலே பேருந்து ஊர்ந்தே போயிற்று. கோயில் வாசலில் இறங்கும்போது வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கப்பல் மாலையிற் புறப்பட்டுவிடும். எமக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். மூன்று நாழிகை என்று கணக்கிட்டுக் கொண்டோம்.

வழிகாட்டி ஓர் இளைஞர், இசுலாமியர். எந்த நாட்டவர் என்று எம்மைக் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அலெங்கா!” என்றார். யாவா மொழியில் இராமாயணத்து இலங்கைக்கு அதுவே பெயராம். 1961 முதல் அங்கே திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டுவரும் இராமாயண நாட்டிய நாடகத்தில் தம் சிற்றப்பா இராவணனாக ஆடுபவர் என்றும், ஆகவே நாங்கள் உறவினர் என்றும் சொல்லிச் சிரித்தார்.

கோயில் வாசலிலே தொப்பி விற்றனர், தோற்பாவை விற்றனர், பத்திக் துணி விற்றனர். பூ மட்டும் இல்லை. “இஞ்சருங்கோ, கோயில் வாசலிலை பூ விக்காத ஊரும் இருக்குதோ?” என்று துணைவியார் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

மழைத்திரைக்குள் மூன்று கோபுரங்கள் தெரிந்தன. நடுவில் நிற்பது சிவன் கோயில். உயரம் 47 மீற்றர். இருமருங்கும் பிரமாவுக்கும் திருமாலுக்கும் உரியவை. ஒவ்வொன்றும் 33 மீற்றர். எதிரே ஊர்திகளுக்கு மூன்று கோயில்கள். சிவனுக்கு நேரெதிரே நந்தி படுத்திருக்கின்றது. கீழ்த்தளத்தைச் சுற்றி 224 சிறு கோயில்கள் நிரைநிரையாக நின்ற காலம் ஒன்றிருந்தது. இன்று அவற்றுட் பெரும்பாலானவை கற்குவியல்களே. 856ஆம் ஆண்டுச் சாசனமொன்று இங்கே சிவனுக்கு எழுப்பிய கோயிலைப் பாடுகின்றது. அடுத்த நூற்றாண்டிலே அரசு கிழக்கு யாவாவுக்குப் பெயர்ந்தது; பூசை நின்றது; பின்னர் நிலநடுக்கம் வந்து கோபுரங்களைச் சாய்த்தது. ஊரார் கல்லை எடுத்து வீடு கட்டினர். தமிழ்நாட்டிலே ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிய கேணல் மெக்கன்சி என்னும் பிரித்தானிய அதிகாரியே, 1811இல் யாவாவுக்குப் போனவிடத்து இக்கோயில்களையும் கண்டு குறித்தவர் என்பது எமக்கு இனிய வியப்பாயிற்று. 1918இல் ஒல்லாந்தர் தொடங்கிய திருப்பணி நீண்டு, சிவன் கோயில் 1953இலேயே நிறைவெய்தியது. முக்காற் பங்கு பழங்கல்லேனும் கிடைத்தாலன்றி எக்கோயிலையும் மீளக் கட்டுவதில்லை என்பது அவர்கள் விதி. சிமெந்தால் அவசரமாகப் பழமையை மூடும் நம்மூர்த் திருப்பணிச் சபையார் சிலர் இதனைச் சற்றே நினைக்கலாம்.

சிவன் கோயிற் படியருகே காவலர் எமக்குத் தலைக்கவசம் தந்தார். 2006இல் நேர்ந்த நிலநடுக்கத்திற் கற்கள் பெயர்ந்ததால் அந்த ஏற்பாடு. சிவன் சந்நிதியிலே மேலாடையைக் களைந்து அரையிற் கட்டிப் பழகிய நாம், அன்று கட்டட வேலையாளைப்போல மஞ்சட் கவசம் அணிந்து நின்றோம்! ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் துணைவியார் கைப்பையிலிருந்து எடுத்து, கவசத்தைச் சற்றே உயர்த்தி, எம் நெற்றியிலும் தம் நெற்றியிலும் இட்டார். பாதணிகளைப் படியின் ஓரமாகக் கழற்றிவைத்தோம். ஈரக்கல்லில் வழுக்கும் எனக் காவலர் சைகை காட்டினார். நாம் கைகூப்பிக் காட்டினோம். அவர் பின்பு தடுக்கவில்லை.

கிழக்கு வாயிலால் உட்புகுந்தோம். விளக்கில்லை, மணியில்லை, எண்ணெய் மணமில்லை. வாயில்வழி வந்த மழைக்கால வெளிச்சம் பாதங்களில் மட்டும் விழுந்தது. கண் பழகப் பழக, மூன்று மீற்றர் உயரத் திருமேனி இருளிலிருந்து மெல்ல வெளிப்பட்டது. நான்கு கரம், சடாமகுடத்திலே பிறையும் மண்டையோடும். நாம் நாள்தோறும் வணங்குவது இலிங்கத்தை. இங்கே நின்ற கோலத்தில் நேரே நோக்குகின்றார். படமெடுக்க வந்த நால்வர் எடுத்துவிட்டு இறங்கினர்.

துணைவியார் பாடத் தொடங்கினார். கப்பற்றளத்திற் பாடியதுபோல அடங்கிய குரலில் அன்று. ஊர்க்கோயிலிற் பாடுவதுபோலவே பாடினார். கற்சுவர் அக்குரலை வாங்கி மேலே கொண்டுபோய்த் திருப்பித் தந்தது. நாம் கூடப் பாட எண்ணினோம், தொண்டை ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் பாட்டிலே வாயிலிற் பெருங்கூட்டம் வந்து நெருங்கிற்று. குறித்த நேரத்துக்கு மேல் நின்றுவிட்டோம் என்று தெரிந்து திரும்பினோம். காவலர் வாயிலிற் குறுக்கே கைநீட்டி அக்கூட்டத்தை மறித்து நின்றார். தம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பாடுக என்பதுபோல் எமக்குத் தலையசைத்தார். அவருடைய மதம் எதுவென நாம் கேட்கவில்லை. பிழைபட்ட ஆங்கிலத்தில் நன்றி சொன்னதோடு சரி.

மூலவரைச் சூழ மற்றைய மூன்று திசைகளிலும் மூன்று அறைகள். மேற்கே பிள்ளையார். வடக்கே எருமைமேல் நிற்கும் துர்க்கை. ஊரார் அவளை ராரா ஜொங்கிராங் என்னும் இளவரசியாகக் கொள்வர். தன்னை மணக்க விரும்பிய பண்டுங் பொண்டொவொசோவிடம், ஓரிரவில் ஆயிரம் கோயில் கட்டுக என்றாளாம். பூதங்களின் துணையால் அவன் 999 கட்டி முடிக்கையில், பெண்களை எழுப்பி நெல் குத்துவித்துக் கிழக்கே தீ மூட்டினாளாம். விடிந்ததென்று சேவல் கூவ, பூதங்கள் ஓட, சினந்தவன் சாபத்தாற் கல்லாகி ஆயிரமாவது சிலையானாளாம். உலக்கையோசைக்குச் சேவல் ஏமாறும் கதை எம் பாட்டிமாருக்கும் பிடித்திருக்கும்.

தெற்கு அறையிலேதான் எமக்குக் காலம் மறந்தது. தாடி, சரிந்த தொந்தி, கமண்டலம், அருகே சூலம். “சிவ மகாகுரு” என்று வழிகாட்டி தொடங்கினார். அவர் முடிக்குமுன், “இஞ்சருங்கோ, இவர் எங்கடை அகத்தியர்!” என்றார் துணைவியார். “ஆம், அகஸ்த்யா” என்றார் வழிகாட்டி. கயிலையில் எல்லாரும் கூடியதால் வடக்குத் தாழ, உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட குறுமுனிவர், யாவாவிலும் தெற்கு நோக்கியே நிற்கின்றார்! சோழர் கோயில்களிலே தென்சுவரில் ஆசானாகிய தட்சிணாமூர்த்தியையும் வடசுவரிற் துர்க்கையையும் காண்கிறோம். இங்கும் தெற்கே ஆசான், வடக்கே துர்க்கை. கிழக்கு யாவாவிலுள்ள தினோயோச் சாசனம், கஜயானன் என்னும் அரசன் பழைய மரச்சிலைக்குப் பதிலாக அகத்தியருக்குக் கருங்கற்சிலை செய்வித்ததை 760ஆம் ஆண்டிலேயே கூறுகின்றது. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மாணவருக்கு நாம் சொல்லிக்கொடுத்த முனிவரை இங்கே மற்றொரு நாட்டார் தமக்கும் ஆசானாக வைத்திருக்கின்றனர்.

இனி எஞ்சியது கால் மணி நேரம். மேடையின் கைப்பிடிச் சுவரின் உட்புறத்திலே இராமாயணம் செதுக்கப்பட்டுள்ளது. வலமாகச் சுற்றிவந்தாலே கதை ஒழுங்காகத் தொடரும். படிப்பதும் வலம் வருவதும் ஒன்றாகும்படி அமைத்த சிற்பியை என்னென்பது! அனுமன் இலங்கைக்குத் தீயிட்டதைக் கண்டோம். வானரர் கல் சுமந்து அணைகட்டுவதையும் அதன் கீழே மீன்கள் நீந்துவதையும் கண்டோம். சேனை இலங்கைக் கரையை அடைந்ததோடு சிவன் கோயிற் சுவர் முடிகின்றது. போர் முழுவதும் பக்கத்துப் பிரமன் கோயிலில்! வழிகாட்டி மீண்டும் கடிகாரத்தைத் தட்டினார். இலங்கையிலிருந்து போன நாம் இலங்கைக்குள் நுழையாமலே திரும்பினோம்.

பேருந்திலே நனைந்த பாதங்களைத் துடைத்தபடி துணைவியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஒரு பூவாவது வைச்சிருக்கலாம்” என்றார்.

மறு ஆண்டு, 2019 நவம்பர் 12ஆம் நாள், அந்நாட்டு இந்துக்கள் பிரம்பானனில் அபிடேக விழா எடுத்தனர். சாசன ஆண்டாகிய 856இலிருந்து எண்ணி, 1163 ஆண்டுகளின்பின் நிகழ்ந்த விழா என்று செய்தி வந்தது. பத்திரிகையை மடித்து அடுக்களைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். கையிலிருந்த தேங்காய்த் துருவலையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேட்டிருந்த துணைவியார், “அப்ப பூவும் வைச்சிருப்பினம், என்ன?” என்றார்.