கடலடிச் சேறு கூறும் செய்தி

கரையில் நின்று கடலை நோக்குவோர்க்கு அலைகளும் நீரின் நிறமுமே புலப்படும். ஆயின், கடற்கரை நீரின் நலத்தை அறிய விரும்பும் விஞ்ஞானி, நீரோடு அதன் அடியிலுள்ள சேற்றையும் சோதித்தே தீர வேண்டும். நீரில் கலந்த கழிவு அடுத்த வற்றத்தோடு அடித்துச் செல்லப்பட்டுவிடலாம்; ஒரு குப்பி நீர், அதை மொண்ட வேளையின் நிலையை மட்டுமே உணர்த்தும். சேற்றில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் சிறு நண்டினங்களுமோ எளிதில் இடம்விட்டு அகல மாட்டா. ஆகவே, பல மாதங்களாக அவ்விடத்தில் நேர்ந்த நன்மை தீமைகள் அவற்றின் எண்ணிக்கையிலும் இனவகையிலும் பதிந்து நிற்கின்றன.

இவற்றை ஆராயும் முறை எளியது. ஆனால் மிக்க பொறுமையை வேண்டுவது. இரு தாடைகளைக் கொண்ட இரும்பு வாளி ஒன்று படகிலிருந்து கயிற்றின் மூலம் இறக்கப்படுகிறது. தரையைத் தொட்டதும் அதன் கொக்கி விடுபடும். கயிற்றை இழுக்கையில் தாடைகள் மூடிச் சேற்றை அள்ளும். வான் வீன் என்பவரின் பெயரால் வழங்கும் இக்கருவி, பெரும்பாலும் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குப் பரப்பை அள்ளுமாறு அமைக்கப்படுகிறது. அள்ளிய சேறு 0.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசப்படுகிறது. மீந்த பிராணிகளை ஃபார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் என்னும் சாயம் ஊட்டினால் அவை செந்நிறம் பெறும். மணலினின்று பிரித்தெடுப்பது எளிதாகும். பின்னர் ஒவ்வொன்றும் உருப்பெருக்கியின் கீழ் இனம் காணப்பட்டு எண்ணப்படுகிறது.

எண்ணிக்கை மிகுதியைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நகரக் கழிவு சேற்றில் மிகுந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. சேறு கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுகிறது. ஆழத் துளைத்து நெடுநாள் வாழும் இனங்கள் மறைய, காப்பிடெல்லா என்னும் சிறு புழு ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. பல இனங்கள் அளவோடு வாழ்வதே நலத்தின் அடையாளம். ஓரினம் மட்டும் பெருகுவது நோயின் அறிகுறி. கழிவு மேலும் மிகின் அப்புழுவும் அழியும்.

இம்மாற்றங்களின் வரிசையைப் பியர்சன், ரோசன்பெர்க் என்னும் இரு விஞ்ஞானிகள் 1978-இல் தொகுத்து விளக்கினர். சுவீடனிலுள்ள சால்ட்செல்லே என்ற கடற்கழியில் காகிதக்கூழ் ஆலை 1966-இல் மூடப்பட்டபின், மறைந்த பிராணிகள் படிப்படியாக மீண்டும் குடியேறியதை ரோசன்பெர்க் ஆண்டுதோறும் கண்டறிந்திருந்தார். கழிவை நிறுத்தின் கடலடி மீளக்கூடும் என்பதற்கு இது சான்று.

இந்தியக் கரைகளில் இம்முறையைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கொச்சிக் காயல் போன்ற கழிமுகங்களில் பருவமழைக் காலத்து நன்னீர்ப் பெருக்கு உப்பின் அளவைக் குறைத்து, பிராணிகளை இயற்கையாகவே குறைத்துவிடும். அதனை மாசின் விளைவென மயங்கலாகாது. ஆதலால், ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் எடுத்த மாதிரிகளையே ஒப்பிடுதல் வேண்டும்.

இவ்வொப்பீட்டிற்குப் பழைய கணக்கு இன்றியமையாதது. ஒடிசாவின் சில்கா ஏரியின் உயிரினங்களை அன்னண்டேலும் கெம்பும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1915 முதல் வெளியாயின. பின்னாளில் முகத்துவாரம் மணல்மேடிட்டு ஏரி நலிந்தபோதும், 2000-ஆம் ஆண்டில் புதிய வாய் வெட்டப்பட்டுக் கடல்நீர் மீண்டும் புகுந்தபோதும், நேர்ந்த மாறுதலைச் சீர்தூக்க அத்தகைய பழம்பதிவே அடிப்படையாகிறது.

கடலடியில் மேயும் மீன்களுக்கும் இறாலுக்கும் இச்சிறு பிராணிகளே இரை. அவை குன்றினால் மீனவரின் வலையும் குன்றும். துறைமுகமோ ஆலையோ எழுவதற்கு முன்பே அவ்விடத்துச் சேற்றை அள்ளி எண்ணி வைப்பது சிறு செலவே. அக்கணக்கு இல்லாவிடில், பின்னர் நேரும் இழப்பை அளந்து காட்ட எவராலும் இயலாது.