மலையேறும் பேருந்து

நுழையும்முன்

காட்டின் விளிம்பில் அமைந்த சிறிய ஊர்கள் விருந்தினரை வரவேற்கின்றன. ஆனால் அவை தாங்கும் சுமைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிந்து குழுவாகப் பயணம் செய்வது எப்படி என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியும் மலையும்

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி சித்தையன்கோட்டை. அம்மலைத்தொடரில் பெய்யும் மழைநீர் ஓடைகளாக இறங்கி ஆத்தூர் காமராசர் அணையில் சேர்கிறது. திண்டுக்கல் நகரின் குடிநீர்த் தேவைக்கும் அது பயன்படுகிறது. எனவே, இங்கிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் குழுவினர், தம் நிலத்துக்கு நீர் தரும் மலைத்தொடரின் மேலேயே ஏறிச் செல்கின்றனர்.

செம்பட்டி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 1845இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் குடியிருப்புகளை அமைத்தனர். அக்காலத்தில் மக்கள் நடந்தும் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறினர். மோட்டார் சாலை வந்தபின் பயணம் எளிதாயிற்று. வருவோர் தொகையும் பெருகியது.

சோலைக்காடுகளின் பணி

மலையின் மடிப்புகளில் வளர்ந்துள்ள சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் மழைநீரை மண்ணில் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு வழங்குகின்றன. இக்காடுகளைக் காக்கும் பொருட்டு 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுமாடுகள் நகரத் தெருக்களிலும் நடமாடுகின்றன. ஊர் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் கோடு அங்கில்லை.

வாகனமா, மனிதரா?

ஐம்பது பேர் காருக்கு ஐவராகச் சென்றால் பத்துக் கார்கள் தேவை. ஒரே பேருந்து அவர்கள் அனைவரையும் ஏற்றிச் செல்லும். குறுகிய சாலையில் நெரிசலும் புகையும் குறையும். வாகனம் நிறுத்தக் குறைந்த இடமே போதும்.

சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்களும், வார இறுதி நாள்களில் 6,000 வாகனங்களும் அனுமதிக்கப்பட வேண்டுமென நீதிமன்றம் வரையறுத்தது. இவ்வரம்பு வாகனங்களையே எண்ணியது, மனிதர்களை அன்று. இருவர் செல்லும் காரும் ஐம்பதின்மர் செல்லும் சுற்றுலாப் பேருந்தும் அக்கணக்கில் ஒன்றே. ஆகவே, குழுவாகச் செல்வோர் பிறருக்கும் வழிவிடுகின்றனர். அரசுப் பேருந்தில் செல்வோருக்கோ இ-பாஸ் தேவையில்லை.

தெரியுமா?

குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வாகனமே ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். இறங்கும்போது ஓட்டுநர் தாழ்ந்த கியரைப் பயன்படுத்துவார். பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிச் செயலிழக்கக்கூடும் என்பதே காரணம்.

நின்ற இடத்தில் சுமை

பேருந்து சாலையின் சுமையைக் குறைத்தாலும், அது நின்ற இடத்தில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்குகின்றனர். நீரின் தேவை, குப்பை, இரைச்சல் ஆகிய மூன்றும் அங்கே ஒருசேரப் பெருகுகின்றன. குழுப்பயணத்தின் நன்மை இவ்விடத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

பின்லாந்தின் வடகிழக்கில் உள்ள கூசமோ என்னும் சிறு நகரமும் இத்தகையதே. அதன் அருகில் 1956இல் அமைக்கப்பட்ட ஒலாங்கா தேசியப் பூங்கா உள்ளது. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் நடைப்பயணிகள் தாம் உண்டாக்கும் குப்பையைத் தாமே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பது நெறி. காட்டுக்குள் குப்பை வண்டி வராது என்பதை உணர்ந்த மக்கள் வகுத்த நெறி அது.

கொடைக்கானல் செல்லும் குழுவும் இதனைப் பின்பற்றலாம். எவர்சில்வர் பாத்திரங்களில் உணவும், மீண்டும் பயன்படும் கலன்களில் குடிநீரும் எடுத்துச் செல்லலாம். குப்பைக்கென ஒரு சாக்கைப் பேருந்திலேயே வைத்துத் திரும்பக் கொண்டு வரலாம். ஒலிபெருக்கியைத் தவிர்க்கலாம். குரங்குகளுக்கு உணவிடாமலும் காட்டுமாடுகளை நெருங்கிப் படமெடுக்காமலும் இருக்கலாம். தனியொருவர் மறந்தாலும் குழு நினைவூட்டும். அதுவே குழுவின் வலிமை.

மாலையில் பேருந்து சமவெளிக்கு இறங்கிவிடும். மலையில் பெய்யும் மழையும் ஓடைகளின் வழியே அதே சமவெளியை நோக்கியே வருகிறது. மேலே எறியப்படும் குப்பையும் அழிக்கப்படும் சோலையும் கீழே வாழ்வோரையே பாதிக்கும். மலையைத் தூய்மையாக விட்டுத் திரும்புவது, விருந்தினர் காட்டும் மரியாதை மட்டுமன்று. சமவெளி மக்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் காப்பும் ஆகும்.