ஒரு தோலுக்குள் இரண்டு கறி

மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே தொட்டு, செப்டம்பர் லேபர் டே வரை, அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு ஓயாது. பர்கரும் சாசேஜும் சுட வித்தை எதுவும் தேவையில்லை. முழுக்கோழியை வைக்கும்போதுதான் வம்பு. தோல் கருகியிருக்கும், தொடைக்குள் பச்சையாக இருக்கும். தொடை வேகட்டும் என்று காத்திருந்தால் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும்.

கோழி நிற்பதும் நடப்பதும் காலால், சிறகடிப்பது எப்போதாவது. ஓயாமல் உழைக்கும் கால் தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினும், தசையைக் கட்டிப்பிடிக்கும் கொலாஜனும் அதிகம். அந்தக் கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாற 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், நேரமும் வேண்டும். நெஞ்சுக்கறியில் கொலாஜன் சொற்பம். 70 டிகிரியைத் தாண்டினால் அதன் புரதங்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நீரை வெளியேற்றும். ஆக, ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், தொடை நெஞ்சைவிடச் சூடாக வேண்டும்.

இதற்கு வழி, தணலுக்கு நேர்மேலே கோழியை வைக்காமல் இருப்பதே. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து, கால்களைத் தணல் பக்கம் திருப்பி, அடுப்பை மூடியால் மூடிவிட வேண்டும். கொழுப்பு தணலில் சொட்டாது, தீ குபுக்கென எழாது. உள்ளே 180, 200 டிகிரியில் காற்று சுழன்று அடுப்பே ஓவனாகிவிடும். இந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. சிகாகோவில் மிதவைகள் செய்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் ஒரு மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரி போட்டு, மேல்பாதியால் மூடினார். இன்றைய உருண்டை கிரில் அப்படிப் பிறந்ததுதான்.

இன்னும் சுலபம் வேண்டுமா? கனமான கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இருபுறமும் வெட்டி அதை எடுத்துவிடுங்கள். புரட்டிப் போட்டு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினால் மளுக்கென்று ஓர் ஓசை. கோழி தட்டையாகப் படுத்துவிடும். தடிமன் குறைவதால் சீக்கிரம் வேகும், தோல் முழுதும் மேல்பக்கம் வந்துவிடும். ஒன்றரைக் கிலோ கோழி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தயார்.

தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் வேலை முந்தைய இரவே தொடங்க வேண்டும். உப்பைத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரே உள்ளே போய் மயோசின் புரதத்தைத் தளர்த்தும். தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவாகச் சுருங்காது. தோலும் உலர்ந்திருக்கும். ஈரம் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். பொன்னிறமும் மணமும் தரும் மெயிலார்ட் வினைக்கு அது போதாது. இனிப்பு சாஸைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசினால் போதும். முன்பே பூசினால் சர்க்கரை கருகும்.

பீர் டின் மேல் கோழியை உட்கார வைத்துச் சுடுகிறார்களே? வேடிக்கைக்குச் சரி. டின்னைச் சுற்றியிருக்கும் கறியே 74 டிகிரியில் வெந்துவிடும்போது, உள்ளே இருக்கும் பீர் எங்கே கொதிப்பது? போதாக்குறைக்கு, வயிற்றுக்குள் போக வேண்டிய சூட்டையும் டின் மறைக்கிறது.

அந்த 74 டிகிரி, அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. சால்மோனெல்லா கிருமி அந்தச் சூட்டில் நொடியில் சாகும். நெஞ்சின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 71 காட்டும்போது எடுத்து வைத்தால், பத்து நிமிடத்தில் மிச்சம் தானாக ஏறும். ஏறிவிட்டதா என்று இன்னொரு முறை குத்திப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். தொடை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பதறி மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். இளங்கோழியின் எலும்பு முற்றாதது. மஜ்ஜையின் நிறம் கசிந்து கறியில் ஏறும். தொடையில் 80 காட்டினால் அது வெந்த கறிதான்.