நோட்டுப் புத்தகம் ஒரு சுமைதாங்கி!



ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், முதுகுவலி, மூட்டுவலி என்று உடம்பைப் பிடிக்கும் நோய்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இந்த முறை மனத்தில் ஏறி உட்காரும் பாரத்தைப் பற்றிப் பேசுவோம். அதற்கு ஒரு கைமருந்தும் சொல்லப் போகிறோம். இது கிளினிக்கில் கொடுக்கிற மருந்தல்ல. மளிகைக் கடையில் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். அவ்வளவுதான்!

"என்னாங்க இது? வேலைக்கே நேரம் பத்தலே, இதுல நோட்டு வேற எழுதணுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

இரண்டு மணி விழிப்பு

நம்மில் பலருக்கு நடக்கிற காரியம்தான். பகல் முழுக்க வேலை. ராத்திரி படுத்ததும் கண் அசந்துவிடுகிறது. ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கம் ஏது? மகனுடைய மோட்டார் கடன், மகளுடைய படிப்பு, 'தோட்டத்தை விக்கப் போறாங்களாம்' என்ற பேச்சு, தம்பியோடு பேசாமல் போன மூன்று வருஷம், ஒன்று மாற்றி ஒன்று வந்து நெஞ்சில் உட்காருகிறது. விடியுமுன் எழுந்து காப்பி போடும்போது தலைபாரம், நெஞ்செரிச்சல்.

கவலைக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? நிரையில் நடக்கும்போது காலடியில் ஒரு பாம்பைப் பார்க்கிறீர்கள். அந்தக் கணமே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடித் தப்பிக்க உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பாம்பு போனதும் உடம்பு அடங்கிவிடும். ஆனால் கவலை என்கிற பாம்பு போவதில்லை. ராத்திரி பகலாக மனத்துக்குள் நெளிந்துகொண்டே இருக்கிறது. உடம்பும் அடங்காமல் அந்தப் படபடப்பிலேயே கிடக்கிறது. தூக்கம் கெடுகிறது, வயிறு கெடுகிறது, ரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு அது கட்டுக்குள் வர மறுக்கிறது.

கவனம் நமக்குப் புதிதா?

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், ஜான் கபாட்-சின் என்பவர் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியோடு இருந்த நோயாளிகளை டாக்டர்கள் அவரிடம் அனுப்பினார்கள். அவர் ஊசி போடவில்லை. மூச்சைக் கவனி, உடம்பைக் கவனி, இந்த நேரத்தில் நடப்பதைக் கவனி, மனம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வா என்று 8 வாரம் பழக்கினார். பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்த முறைதான்; மதத்தை விட்டுப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் அது நடக்கிறது.

தோழர்களே, இது நமக்குத் தெரியாத வித்தையா? பால்மரம் சீவியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உளி பட்டையைச் சீவ வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இடம். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இன்னும் வெளிச்சம் வராத நேரத்தில், தலைவிளக்கை வைத்துக்கொண்டு, அந்த ஒரு மில்லிமீட்டரை நம் கை பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது. அதற்குப் பெயர்தான் கவனம். அந்தக் கவனத்தை மரத்துக்குக் கொடுத்தோம். நம் மனத்துக்கு ஒரு நாளில் பத்து நிமிஷமாவது கொடுத்திருக்கிறோமா? அதைக் கொடுக்க ஒரு நல்ல வழிதான் எழுத்து.

எழுதினால் என்ன ஆகும்?

1986-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயத்தை எழுதினார்கள். சிலர் மனத்தை வாட்டிய ஒரு துன்பத்தை, நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த உடனே இவர்களுக்கு மனம் கனத்தது; ரத்த அழுத்தமும் சற்றுக் கூடவே இருந்தது. ஆனால் அடுத்த 6 மாதத்தில் கிளினிக்குக்குப் போனது மற்றவர்களை விடக் குறைவு!

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்று தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. ஆகவே இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டோம்.

தமிழ்நாட்டில் பழைய பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், யார் கையும் இல்லாமல் சுமையை அதில் இறக்கலாம். இளைப்பாறிவிட்டுத் தானே திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். சுமை குறையாது. தலைக்கும் கழுத்துக்கும் ஓய்வு கிடைக்கும். நோட்டுப் புத்தகமும் அப்படித்தான்.

நம் பாட்டிமார் பேனா பிடித்ததில்லை. ஆனால் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களே கட்டினார்கள். மாமியார் கொடுமை, கங்காணி அதட்டல், பிள்ளை போன துக்கம் எல்லாம் பாட்டில் இறங்கின. பிறகு படித்த தலைமுறை வந்தது. 1950-களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பும், 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றமும் எத்தனையோ இளைஞர்களை எழுத வைத்தன. நமக்கு எழுத்து அந்நியம் அல்ல. நடுவில் விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

ஓர் அக்காவின் நோட்டு

சிலாங்கூரில் ஒரு தோட்டம். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். 2018-இல் அவருடைய மகன் மோட்டார் விபத்தில் இறந்துபோனான். வயது 22. கருமாதி முடிந்ததோடு வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. கணவர் சாயங்காலமானால் குடிக்கப் போய்விடுவார். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

என் மனைவி ஒருநாள் பேத்தியின் பழைய பள்ளி நோட்டை அவரிடம் கொடுத்து, "அக்கா, தினமும் கண்ணுல பட்டதை மட்டும் நாலு வரி எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அக்கா படித்தது மூன்றாம் வகுப்பு. முதல் பக்கங்கள் இப்படி இருந்தன:

"இன்னிக்கு மழை. பழம் பொறுக்கலே."

"கெம்போங் மீனு வெலை ஏறிப்போச்சி. வாங்கலே."

"பக்கத்து வீட்டுக் கோழி நம்ம கொல்லையில முட்டை வெச்சிருக்கு. கொண்டு போய்க் குடுத்துட்டேன்."

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. பிறகு ஒருநாள்: "அவன் எல்மெட்டு கதவுக்குப் பின்னால தொங்குது. தூசி தட்டுனேன். அன்னிக்கு மறந்துட்டுப் போனான். நான் கூப்பிட்டிருக்கணும்."

ஒரு வருஷமாக அந்த அம்மா மனத்துக்குள் அறுத்துக்கொண்டிருந்தது இதுதான்! கணவரிடம்கூடச் சொன்னதில்லை. மறுநாளும் அதே காலை நேரத்தைத்தான் எழுதினார். ஆனால் இந்த முறை நிதானமாக, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார்: "அடுப்புல தோசை. கையில மாவு. எல்மெட்டைப் பாத்துட்டு வாசல் வரைக்கும் ஓடினேன். கூப்பிட்டேன். மோட்டார் சத்தத்துல அவனுக்குக் கேக்கலே."

பார்த்தீர்களா? கூப்பிட்டிருக்கிறார். துக்கமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன. கவனமாகப் பார்த்து எழுதியபோது உண்மை வெளியே வந்தது. அந்தப் பக்கத்தைக் கணவரிடம் நீட்டினார். அவர் படித்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் வெளியே போகவும் இல்லை. இருவரும் உட்கார்ந்து அழுதார்கள்.

அக்கா இன்றும் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் திரும்பி வரவில்லை. கணவர் குடியை முழுசாக விட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் இப்போது மகன் பெயரைச் சொல்கிறார்கள். அக்காவுக்குத் தூக்கம் வருகிறது.

எப்படி எழுதுவது?

1. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு 10 அல்லது 15 நிமிஷம் ஒதுக்குங்கள். தூக்கம் வரும் நேரத்தில், பாயில் படுத்துக்கொண்டு வேண்டாம்.

2. கைத்தொலைபேசியைத் தூரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். பத்து மூச்சு எண்ணுங்கள். மனம் ஓடினால் பரவாயில்லை, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

3. முதலில் இன்று கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, மூக்குக்குத் தெரிந்தது ஒன்று என்று மூன்று வரி எழுதுங்கள். "நல்ல நாள்" என்று எழுதாதீர்கள். நல்ல நாளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

4. பிறகு மனத்தை அழுத்துவது ஒன்று. என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது, இரண்டையும் எழுதுங்கள். மிகவும் கனமாக இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, கோழியைப் பற்றி எழுதுங்கள். யாரும் அடிக்கப் போவதில்லை.

5. எழுத்துப் பிழை, சின்ன ர, பெரிய ற கவலை வேண்டாம். பேசுகிற மாதிரியே எழுதுங்கள். நடுவில் மலாய் வந்தாலும் வரட்டும்.

6. இது உங்களுடையது. வீட்டில் உள்ளவர்களே, கேட்காமல் எடுத்துப் படிக்காதீர்கள்! எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தால் அதுவும் சரிதான்.

7. எழுத வராதவர்கள் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யலாம். பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்தால் பிள்ளைக்கும் தமிழ் வரும்.

ஓர் எச்சரிக்கை: கண்ணை மூடி மூச்சு எண்ணுவதெல்லாம் வீட்டில்தான். செம்பனையில் அரிவாளைத் தூக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். கால் எங்கே, மட்டை எந்தப் பக்கம் விழும், பக்கத்தில் ஆள் உண்டா என்று பாருங்கள். வேலை இடத்தில் அதுதான் தியானம்.

"எழுதினா சம்பளம் கூடுமா?"

நியாயமான கேள்வி. கூடாது! சம்பளம் பற்றாத குறையையும், கூரை ஒழுகுகிற குறையையும் மூச்சை எண்ணித் தீர்க்க முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சங்கம் இருக்கிறது.

ஆனால் அதற்கும் நோட்டு உதவும். மனக்குறையை முன்பக்கத்திலிருந்து எழுதுங்கள். வேலைக்குறையைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை குலை, எவ்வளவு பிடித்தம், யார் என்ன சொன்னார் என்று அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து, "எப்பவோ ஒருநாள் புடிச்சிட்டாங்க" என்று சொல்வதற்கும், தேதியோடு நோட்டை எடுத்து வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

நோட்டு போதாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் நோட்டை எடுக்காதீர்கள். உடனே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. "சொன்னா போலீசு புடிக்கும்" என்று பயந்த காலம் போய்விட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அப்படிப்பட்டவரைக் கண்டால், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள்தான் சுமைதாங்கி.

தோழர்களே, தாய்மார்களே! இன்று ராத்திரியே தொடங்குங்கள். "எனக்கு எழுத ஒண்ணுமில்லே" என்று முதல் வரி வந்தாலும் சரி. அதையே எழுதுங்கள். இரண்டாவது வரி தானாக வரும்.