ஒரு ரூபாய் கார்!

பி.காம் படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு தனி மரியாதை உண்டு. வருமான வரி, வட்டிக் கணக்கு, கல்யாண மொய் நோட்டு... எதைக் கூட்டிப் பார்ப்பதென்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஃபீஸ்? ஒரு டம்ளர் காபி!

போன சித்திரையில் வீரபாண்டியிலிருந்து பெரியப்பா போன் செய்தார்.

“டேய், கோயில்ல கம்பம் நட்டாச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போ. வரும்போது கால்குலேட்டரையும் எடுத்துக்க. கார விக்கலாமா, வேணாமான்னு நீதான் கணக்குப் போட்டுச் சொல்லணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா காரை விற்பதா? “அந்தக் கார் மேல வச்ச பாசத்துல பாதிய எங்க மேல வச்சிருந்தா...” என்று பெரியம்மா ஒரு தடவை ஆரம்பித்தபோது, “பாதி வச்சிருக்கேனே!” என்று கூசாமல் பதில் சொன்ன மனுஷர் ஸார் அவர்!

கார் என்றதும் இப்போது ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிற கப்பலைக் கற்பனை செய்யாதீர்கள். இது 1970-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த காலத்தில் ஒரு எஸ்டேட்காரரிடம் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. நிறம் ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது பாதாம் பால்!

ஹெரால்டா, அது என்ன பேப்பரா என்று கேட்கிற இளைஞர்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்து ஜெயித்திருந்தது. ஆனால், கஜானா காலி. “கார் செய்யுங்கள். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்புத் தகடு” என்று அந்த நாட்டு அரசாங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உள்ளூர் வெள்ளைக்காரன் புதுக் காருக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க, கார்கள் கப்பல் ஏறின. 1950-ல் உலகத்திலேயே அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்த நாடு இங்கிலாந்துதான். ஆஸ்டின், மோரிஸ், ஸ்டாண்டர்டு, ஹில்மன் என்று சிலோன் முதல் ஆஸ்திரேலியா வரை போய் இறங்கியதெல்லாம் அந்தக் காலத்து வண்டிகள்.

இங்கே நம் அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. “பாகங்களைக் கொண்டுவந்து மாட்டி விற்றால் மட்டும் போதாது, இங்கேயே செய்யவும் வேண்டும்” என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களில் கடையைக் கட்டின. கார் செய்ய மிஞ்சியவை முக்கியமாக மூன்று. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அதன் அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. பம்பாயில் பிரீமியர், அது இத்தாலி ஃபியட். மூன்றாவது, நம்ம மெட்ராஸ். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. முதலில் வான்கார்டு, அப்புறம் எட்டு, பத்து என்று நம்பர் வைத்த சின்ன கார்கள், 1961-லிருந்து ஹெரால்டு.

இதற்கு நடுவே எண்ணூரில் ஒரு கிளைக்கதை. 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ-40 கார்களை மாட்டி விற்றது. 1955-ல் அது அசோக் லேலண்டு ஆகி, லாரி, பஸ் என்று போய்விட்டது. கூட்டு சேர்ந்த அதே இங்கிலாந்து லேலண்டு, 1961-ல் அங்கே ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனியையும் வாங்கியது. ஆக, நாம் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸும் பெரியப்பாவின் காரும் பங்காளிகள்!

வீரபாண்டியில் இறங்கி, தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பெரியப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு வந்தாய்ங்கடா. ஒருத்தன் பழைய இரும்புக்காரன். கிலோ கணக்குல கேக்குறான். இன்னொருத்தர் கோயமுத்தூர்ல இருந்து வந்தாரு. பழைய காரா வாங்கி அடுக்குறவராம். நல்ல வெல சொல்றாரு. எனக்கு வயசு எழுவத்தெட்டு. கண்ணு மங்குது. பெங்களூர்ல இருக்கிறவன், ‘கியர் போடுற காரே எனக்கு வேணாம்பா’ங்கிறான். நீ கணக்கப் போடு.”

கணக்குக்கு முன்னால் பொருளைப் பார்க்க வேண்டுமே! தேனியிலிருந்து மெக்கானிக் பாயை வரச் சொல்லியிருந்தார். எழுபதைத் தாண்டியவர். வந்ததும் வணக்கம் சொன்னது காருக்குத்தான்.

ஹெரால்டின் பானட் நம் கார்களைப் போலக் கண்ணாடிப் பக்கம் தூக்காது. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால், மட்கார்டு, ஹெட்லைட்டோடு முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். பாய் முன் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். “இந்த வண்டியில மட்டுந்தான் தம்பி மெக்கானிக்குக்கு சீட்டு உண்டு!”

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதைப் போல. “நெஞ்சுல சளி இல்ல. பாயிண்ட்தான் தேய்ஞ்சிருக்கு.” கம்ப்யூட்டர் இல்லை, சென்ஸார் இல்லை. 948 சி.சி. எஞ்சின், ஒரு கார்புரேட்டர், ஒரு காது!

இப்படி எல்லாமே கழற்றி மாட்டுகிற மாதிரி அமைந்ததற்குப் பின்னால் ஒரு பழிவாங்கல் கதை இருக்கிறது. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை 1953-ல் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. ‘போங்கடா’ என்று, தனி சேஸிஸ் போட்டு, அதன் மேல் பல இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி ஒரு காரை யோசித்தார்கள். இத்தாலியின் மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு பிறந்தது. வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு, பட்டறையும் ஸ்பேனரும் மட்டுமே இருக்கிற ஊர்களுக்கு வரமாகிவிட்டது. கதவு நசுங்கினால் கதவை மட்டும் கழற்று. மூக்கு உடைந்தால் மூக்கை மட்டும் மாற்று.

இன்னொரு விசேஷம், 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். திருவிழாக் கூட்டத்துத் தெருவில் இதன் அருமை தெரியும். குறை இல்லாமலும் இல்லை. பின் அச்சு இரண்டாக மடங்குகிற ரகம். ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரங்கள் சம்மணம் போடும்! நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கெஸல் மாடலில் அதை மாற்றி, சாதாரண அச்சு போட்டார்கள்.

நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கென்றே மெட்ராஸில் செய்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுதான். நம் குடும்பத்தின் சைஸ் வெள்ளைக்காரனுக்கு எங்கே தெரியும்?

இன்னும் வேடிக்கை, பெயர். ‘ஸ்டாண்டர்டு’ என்றால் ஆரம்பத்தில் ‘உயர்ந்த தரம்’ என்று அர்த்தம். காலப்போக்கில் ‘டீலக்ஸ் இல்லாதது’ என்று இறங்கிவிட்டது. 1963-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெட்ராஸில் மட்டும் மரியாதை போகவில்லை. ‘பையன் டென்த் ஸ்டாண்டர்டு’ என்று பெருமையாகச் சொல்கிற ஊராயிற்றே! 1985-ல் புது ரோவர் உடம்புக்குள் வான்கார்டு வம்சத்துப் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ஏற்கெனவே மாருதி ஓட ஆரம்பித்திருந்தது. பேரனோடு ஓட்டப் பந்தயம் விட்டால் என்ன ஆகும்? 1980-களின் கடைசியில் தொழிற்சாலையில் கார் வருவது நின்றுபோனது.

நிற்க. பெரியப்பாவின் பழைய வியாபாரப் பேரேட்டைப் புரட்டினேன். ‘மோட்டார் கார்’ என்று ஒரு பக்கம். வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் தேய்மானம் கழித்திருந்தது. பி.காம்காரர்களுக்குத் தெரியும், இந்த முறையில் மதிப்பு குறையும், குறையும், குறைந்துகொண்டே இருக்கும். பூஜ்யம் மட்டும் ஆகாது. கணக்குப்பிள்ளை ஒரு கட்டத்தில் சலித்துப்போய் ‘ரூ.1’ என்று நிறுத்தியிருந்தார்.

அடுத்து சட்டம். தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம்; அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் இன்னொரு வழி வந்தது. 50 வயதைத் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புதுப் பதிவு என்றால் ‘வி.ஏ.’ எழுத்து போட்ட நம்பர்.

“அட, நல்லாருக்கே!” என்றார் பெரியப்பா.

“ஒரு சிக்கல் பெரியப்பா. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க... இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது.”

“அப்ப பெரியம்மாவ சந்தைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?”

“கூடாது.”

“கோயிலுக்கு?”

“அது கண்காட்சி இல்லையே...”

பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது. “அப்படின்னா உசுரோட இருக்கிறவனுக்கு மாலை போட்டு ஃபோட்டோவுல வைக்கிற மாதிரில்ல இருக்கு!”

அன்று பதினொரு மணி வெயிலில், பெரியம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். கௌமாரியம்மன் சன்னிதி கம்பத்துக்கு ஊற்ற முல்லையாற்றுத் தண்ணீர் ஒரு குடம். ரேடியேட்டருக்கு ஒரு பாட்டில். “மாத்தி ஊத்திறாதடா!” என்று பெரியம்மா எச்சரிக்கை வேறு.

கும்பிட்டுத் திரும்பும்போது, கம்பம் ரோட்டில் வண்டி ரெண்டு இருமல் இருமி நின்றது. பெரியப்பா பதறவில்லை. துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். வெயிலில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது. சூடு தணிந்தால் சரியாகிவிடும். “பத்து நிமிஷம். அதுக்கும் களைப்பு இருக்கும்ல?”

அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்ததுதான் என் கணக்கைக் கெடுத்தது. பளபளா காரில் வந்த இளைஞன் இறங்கி வந்து செல்ஃபி எடுத்தான். ஒரு லாரி டிரைவர் ஓரங்கட்டி, “ஏன்ணே, தள்ளணுமா?” என்றார். அக்கினிச்சட்டிக்கு நேர்ந்துகொண்டு போன ஒரு பெரியவர், பானட்டைத் தொட்டுப் பார்த்து, “என் கல்யாணத்துக்குப் பொண்ண இதுமாதிரி வண்டியிலதான் கூட்டியாந்தோம்” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஏ.ஸி. கார் நின்றால் ஹாரன் அடிப்பார்கள். இதற்கு ஆள் கூடுகிறது!

கணக்குப் பாடத்தில் இதற்கு ‘குட்வில்’ என்று பெயர். கண்ணால் பார்க்க முடியாத சொத்து. மற்றதெல்லாம் தேயும்; இது சில சமயம் ஏறும்.

சாயங்காலம் பாயிடம் கேட்டேன். “உதிரி பாகம்தானே பாய் பிரச்னை?”

“இல்ல தம்பி. பாகம் கடைசல்ல போட்டுக்கலாம்.” அவர் சொன்னது நிஜம்தான். இலங்கையில் காலியில் மோரிஸ் மைனர் பாகங்கள் செய்து, 1990-களில் இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். “எங்கிட்ட இருக்கிற பையங்க லேப்டாப்ப மாட்டித்தான் வண்டியப் பாக்குறாய்ங்க. ஸ்க்ரூ டிரைவர காதுல வைக்கச் சொன்னா சிரிக்கிறாய்ங்க. கார்புரேட்டர் என்னோட போயிரும். அதான் பிரச்னை.”

எனக்குச் சுருக்கென்றது. இரும்புக்காரன் கையில் போனால் வண்டி போகும். கோயமுத்தூர்க்காரர் கையில் போனால் வண்டி மட்டும் இருக்கும். நடு ரோட்டில் நின்று நாலு பேரைச் சேர்க்காது. அது ஓடினால்தான் பாயிடம் இருக்கிற வித்தை இன்னொரு கைக்குப் போகும்.

ராத்திரி திண்ணையில் பெரியப்பா கேட்டார். “கணக்கு என்னடா சொல்லுது?”

“கணக்குப்படி வண்டியோட மதிப்பு ஒரு ரூபாய் பெரியப்பா. ஆனா...”

“ஆனாவெல்லாம் வேணாம்.” கையை நீட்டினார். “எடு ஒரு ரூபாய!”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். சாவி என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. “பேர் மாத்துற செலவு உன்னுது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம பாய்கிட்டப் போயி ஒக்காந்து கத்துக்க. பெரியம்மாவுக்குக் கோயிலுக்குப் போகணும்னா நீதான் டிரைவர்.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா வந்து பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தார்.

காபி. அதாவது, ஃபீஸ்!