பாதுகாப்பு பேசப்படும் மேசையில் எமது பெண்கள் எங்கே?

தேசிய பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எமது சமூகத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது 2019 ஏப்ரல் 21 க்குப் பின்னரான நாட்கள்தான். அவசரகாலச் சட்டம், வீடு வீடாகத் தேடுதல், ஏப்ரல் 29 இல் வந்த முகத்தை மூடும் ஆடைக்கான தடை, மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் எரிக்கப்பட்ட கடைகள். அந்தத் தேடுதல்களின்போது பல வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் பெண்களே. அலுமாரியைத் திறந்து காட்டியதும், வீட்டிலிருந்த அறபுக் கிதாபுகளுக்கு விளக்கம் சொன்னதும், அபாயா அணிந்த காரணத்தால் வாசலில் நிறுத்தி விசாரிக்கப்பட்டதும் அவர்கள்தான். ஆனால் அந்தத் தேடுதல் எப்படி நடக்க வேண்டும், யார் யாரைச் சோதிக்க வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடங்களில் எமது பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

அதே மே மாதத்தில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கும் தெரியும். கப்பல் சுக்கான் படம் அச்சிடப்பட்ட உடுப்பை அணிந்திருந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச் சக்கரம் என்று கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டார். வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். பெண்களின் உடுப்புத் துணிகளைப் பற்றி அறிந்த, தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரி அந்த முறைப்பாட்டை முதலில் கேட்டிருந்தால் விடயம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. பாதுகாப்பு நிறுவனங்களில் பெண்களின் பங்கு என்று நாம் பேசுவது இப்படியான சாதாரண இடங்களில்தான் தொடங்குகிறது.

1325 என்றால் என்ன?

2000 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. "பெண்கள், சமாதானம், பாதுகாப்பு" என்று இது சுருக்கமாக அழைக்கப்படுகிறது. யுத்தத்தில் பெண்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. பேச்சுவார்த்தை, பொலிஸ், இராணுவம், நீதித்துறை, மீள்குடியேற்றம் ஆகிய எல்லாவற்றிலும் தீர்மானம் எடுப்பவர்களாகப் பெண்கள் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இலங்கை அரசாங்கமும் இதற்கான முதலாவது தேசிய செயற்திட்டத்தை 2023 முதல் 2027 வரையான காலத்துக்குத் தயாரித்துள்ளது.

இதை ஒரு மேற்கத்தைய நாகரிகம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஓர் ஆய்வு முடிவைச் சொல்லலாம். 1989 முதல் 2011 வரை கைச்சாத்திடப்பட்ட 182 சமாதான உடன்படிக்கைகள் ஆராயப்பட்டன. பெண்கள் பங்குபற்றிய உடன்படிக்கைகள் 15 வருடங்களுக்கு மேல் நிலைப்பதற்கான வாய்ப்பு 35 வீதத்தால் அதிகம் என்று தெரியவந்தது. அப்படியிருந்தும் 1992 முதல் 2019 வரையான பிரதான சமாதானப் பேச்சுக்களில் பேச்சாளர்களில் 13 வீதமும், மத்தியஸ்தர்களில் 6 வீதமும், ஒப்பமிட்டவர்களில் 6 வீதமுமே பெண்கள்.

நாம் மறந்துவிட்ட ஒரு குழு

இலங்கையிலும் இந்த முயற்சி ஒருமுறை நடந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த பேச்சில், அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் பெண்கள் விவகாரத்துக்கான ஓர் உப குழுவை அமைக்க இணங்கின. இரு தரப்பிலும் ஐந்து பேர் வீதம் பத்துப் பெண்கள். அரசாங்கத் தரப்புக்குப் பேராசிரியர் குமாரி ஜயவர்தனவும், புலிகள் தரப்புக்குத் தமிழினியும் தலைமை தாங்கினர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அவர்கள் கூடினர். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்பவை அவர்கள் எடுத்துக்கொண்ட விடயங்கள்.

அந்த அரசாங்கத் தரப்பு ஐவரில் இருவர் முஸ்லிம் பெண்கள்: பைசூன் சக்கரியா, பஸீலா ரியாஸ். முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு அந்தஸ்து வேண்டும் என்று எமது அரசியல் தலைமைகள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் பத்துப் பேர் கொண்ட ஒரு சமாதானக் குழுவில் இரண்டு ஆசனங்களில் எமது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் அப்போதும் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு ஆசனங்களின் பெறுமதி விளங்கும்.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் அந்த உப குழுவும் முடிந்துபோனது. அதற்குப் பிரதான மேசையில் சொந்தமாக ஓர் இடம் இருக்கவில்லை. ஆண்கள் எழுந்து போனபோது அதுவும் கலைந்தது. பெண்களுக்குத் தனியாக ஒரு குழு அமைத்துக் கொடுப்பது வேறு, தீர்மானம் எடுக்கும் இடத்திலேயே ஆசனம் கொடுப்பது வேறு. இந்த அனுபவம் சொல்லித்தரும் பாடம் அதுதான்.

யுத்தத்துக்குப் பின்னர்

2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டுமே பெண். ஆனால் அதன் முன்னால் வந்து கண்ணீரோடு சாட்சியம் சொன்னவர்களில் கணவனையும் பிள்ளைகளையும் தேடும் பெண்கள் ஏராளம். 2016 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியில் நிலைமை மாறியது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான அந்தப் பதினொருவரில் ஆறு பேர் பெண்கள். கலாநிதி பர்ஸானா ஹனீபாவும் அவர்களில் ஒருவர். 7,000 க்கு மேற்பட்ட கருத்துக்களைச் சேகரித்து 2017 ஜனவரியில் அறிக்கை கையளித்தார்கள். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் உட்பட எமது சமூகத்தின் துயரங்களும் அதில் பதிவாகின. அறிக்கையின் பரிந்துரைகளில் பெரும்பாலானவை நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு கதை. ஆனால் கேட்பவர்கள் மாறும்போது பதிவாகும் விடயங்களும் மாறுகின்றன.

இது எமக்கு நெருக்கமான விடயம். 1990 இல் காத்தான்குடிக்குத் திரும்பும் வழியில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்றும் ஜனாஸாக்களைக் காணாமல் இருக்கின்றன. காணாமல் போனோர் என்றால் அது வேறு சமூகத்தின் பிரச்சினை என்று எம்மில் சிலர் நினைக்கிறார்கள். இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் காலத்தைக் கழித்த எமது உம்மாமார்களை யாராவது உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டிருக்கிறார்களா? ஓர் ஆண் அதிகாரியிடம் அவர்கள் எவ்வளவைத்தான் சொல்வார்கள்?

சீருடைக்குள்

பொலிஸ் திணைக்களத்தில் 1952 முதல் பெண்கள் இருக்கிறார்கள். இராணுவத்தின் மகளிர் படையணி 1979 இல் உருவானது. ஆனால் பொலிஸ் வரலாற்றில் முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக பிம்ஷானி ஜாசிங் ஆரச்சி நியமிக்கப்பட்டது 2020 இல்தான். அந்தப் பதவி உயர்வையும் எதிர்த்து ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அரசியலிலும் இதே நிலைதான். 2024 நவம்பர் தேர்தலில் முன்னெப்போதையும் விட அதிகமான பெண்கள் பாராளுமன்றம் சென்றார்கள், ஆனாலும் 225 பேரில் அது 10 வீதத்தை எட்டவில்லை.

ஓர் ஆசிரியை என்ற வகையில் உயர்தர மாணவிகளிடம் என்ன தொழில் செய்ய விருப்பம் என்று நான் கேட்பதுண்டு. வைத்தியர், ஆசிரியை, கணக்காளர், சட்டத்தரணி என்று பதில் வரும். பொலிஸ் அதிகாரி என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நியாயமான தயக்கங்களும் உண்டு. சீருடை, ஹிஜாப், இரவுக் கடமை, தூர இடமாற்றம் ஆகியவற்றைப் பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். இவை தீர்க்க முடியாத பிரச்சினைகள் அல்ல. 2016 ஆம் ஆண்டில் துருக்கி, ஸ்கொட்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் பொலிஸ் சேவைகள் சீருடையோடு ஹிஜாப் அணிய அனுமதித்தன. பங்களாதேஷ், 2010 இல் பெண்களை மட்டும் கொண்ட ஒரு பொலிஸ் பிரிவை ஐ.நா. அமைதி காக்கும் பணிக்காக ஹெய்ட்டிக்கு அனுப்பியது. எமது பிரதிநிதிகள் கேட்க வேண்டியதும் இப்படியான தெளிவான ஏற்பாடுகளைத்தான்.

மார்க்கம் தடையா?

ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டில் ஹுதைபியா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் நிபந்தனைகள் சஹாபாக்களுக்குப் பெரும் மனவருத்தத்தைக் கொடுத்தன. பலிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடியைக் களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று தடவை சொல்லியும் எவரும் எழும்பவில்லை. நபியவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் வந்து நிலைமையைச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல், முதலில் நீங்கள் சென்று உங்கள் பிராணியை அறுத்து முடியைக் களையுங்கள் என்று அவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்ட சஹாபாக்கள் எழுந்து தாமும் செய்தார்கள். இஸ்லாமிய வரலாற்றின் மிக முக்கியமான சமாதான உடன்படிக்கையில் எழுந்த நெருக்கடி ஒரு பெண்ணின் ஆலோசனையால் தீர்ந்தது.

மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரழி) அவர்கள் ஒருவருக்குப் பாதுகாப்பு அளித்தார்கள். அவரைக் கொல்லப்போவதாகச் சொன்னவர் அவர்களுடைய சொந்தச் சகோதரர் அலி (ரழி). விடயம் நபியவர்களிடம் சென்றபோது, உம்மு ஹானி கொடுத்த பாதுகாப்பை நபியவர்கள் அப்படியே அங்கீகரித்தார்கள். ஒரு பெண் கொடுத்த வாக்கு முழுச் சமூகத்தையும் கட்டுப்படுத்தியது. இந்த இரண்டு சம்பவங்களும் ஸஹீஹுல் புகாரியில் இருப்பவை. பயான்களில் இவற்றைக் கேட்டிருக்கிறோம், ஊர் நிர்வாகத்தில்தான் இவற்றைக் காண முடிவதில்லை.

எம்மைப் போன்ற ஒரு சமூகம்

பிலிப்பைன்ஸின் தெற்கே மின்டானாவோவில் முஸ்லிம்கள் பல தசாப்தங்கள் யுத்தத்தில் வாழ்ந்தார்கள். 2014 மார்ச் 27 ஆம் திகதி அரசாங்கமும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் செய்துகொண்ட விரிவான உடன்படிக்கையில் அரசாங்கத் தரப்பின் தலைமைப் பேச்சாளராக ஒப்பமிட்டவர் மிரியம் கொரோனல் ஃபெரர் என்ற பேராசிரியை. அரசாங்கக் குழுவில் யஸ்மின் புஸ்ரான் லாவோ என்ற முஸ்லிம் பெண்ணும், மோரோ தரப்பில் ரைஸ்ஸா ஜஜூரி என்ற முஸ்லிம் சட்டத்தரணியும் பணியாற்றினார்கள். இரு பக்கமும் முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். அரசியலில் பங்குபற்றும் பெண்களின் உரிமையும் அந்தச் சமாதான ஆவணங்களில் இடம்பெற்றது. உலமாக்கள் செல்வாக்குள்ள ஒரு சமூகத்தில்தான் இது நடந்தது.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் கொழும்பில் கேட்க வேண்டியதில்லை. எமது வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் சமாதான நிறுவனம் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளில் கடன், காணி எல்லை, வாய்த்தர்க்கம், சிறு காயம் போன்ற பிணக்குகள் சட்டத்தரணிகள் இல்லாமல் பேசித் தீர்க்கப்படுகின்றன. இரு தரப்பும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டடங்களில் நடக்கும். இந்தத் தொண்டுப் பணிக்கு அரசியல் சார்பற்ற அமைப்புகள் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். ஆசிரியைகளுக்கும் ஓய்வு பெற்ற அதிபர்களுக்கும் பொருத்தமான வேலை. ஒவ்வொரு ஊரிலும் அப்படி இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் அடுத்த முறை பெயர் கேட்கப்படும்போது ஆண்களின் பெயர்களை மட்டும் அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, உள்ளூராட்சி சபை. 2018 பெப்ரவரி தேர்தலில் 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண்கள் பிரதிநிதித்துவம் அதனால் பன்மடங்கு உயர்ந்தது. ஒதுக்கீட்டுக்காகப் பெயரைப் போட்டுவிட்டு, கூட்டத்துக்குக் கணவனையோ மச்சானையோ அனுப்பும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை ஊரே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, பொலிஸ். தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இல்லாத நிலையத்தில் எமது ஒரு சகோதரி தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல, பக்கத்து வீட்டு ஆணைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டும். அப்படிக் கூட்டிப்போவதை விட வாய்மூடி இருப்பதையே பலர் தெரிவு செய்கிறார்கள். பொலிஸ் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போது தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது பாடசாலைகளின் கடமை. பிள்ளையின் வாப்பாவோடு உட்கார்ந்து அவருடைய தயக்கங்களைக் கேட்டுப் பதில் சொல்வதும் எங்கள் கடமைதான்.

பெண்கள் வந்துவிட்டால் எல்லா அநியாயமும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. சீருடை அணிந்த பெண்ணும் அநீதி செய்யலாம், ஆசனத்தில் இருக்கும் பெண்ணும் மௌனமாக இருக்கலாம். ஆனால் அடுத்த நெருக்கடி வரும்போதும் கதவைத் திறக்கப்போவது எமது பெண்கள்தான். கதவுக்கு வெளியே நிற்பவர்களிலும், அவர்களை அனுப்பும் அலுவலகத்திலும், பிறகு நடப்பதை விசாரிக்கும் சபையிலும் எமது பெண்கள் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. இந்த நாட்டின் பாதுகாப்பில் எமக்கும் உள்ள பங்கை ஏற்றுக்கொள்வதாகும்.