ஓட்டுச்சில்லுக்கு என்ன விலை?

சிங்கப்பூரின் மையப் பகுதியில் உள்ள ஃபோர்ட் கேனிங் பூங்காவை மலாய் மக்கள் 'புக்கிட் லாராங்கான்', அதாவது 'தடைசெய்யப்பட்ட குன்று' என்று அழைத்தனர். பண்டைய அரசர்கள் வாழ்ந்த இடம் அது என்பது அவர்களது நம்பிக்கை.

1928-இல் அங்கு நீர்த்தேக்கம் அமைக்க மண் தோண்டிய தொழிலாளர்களுக்கு 14-ஆம் நூற்றாண்டின் தங்க அணிகலன்கள் கிடைத்தன. ஆனால், அது கட்டுமானப் பணி. சுற்றியிருந்த மண்ணைச் சலித்துப் பார்ப்பது அதன் நோக்கமன்று.

1984-இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கு முறையான அகழாய்வைத் தொடங்கினார். சீனப் பீங்கான் துண்டுகளும் மண்பாண்டச் சில்லுகளும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. 1819-இல் ராஃபிள்ஸ் வருவதற்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே கடல்வணிகத் தொடர்புடைய குடியிருப்பு அங்கு இருந்தது உறுதியாயிற்று. அதன்பின் சிங்கப்பூரில் நடைபெற்ற அகழாய்வுகளில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதில் ஒரு முரணைக் காண்கிறேன். தங்கத்துக்குச் சந்தையில் விலை உண்டு, ஓட்டுச்சில்லுக்கு இல்லை. எனினும், ஒரு நகரத்தின் வரலாற்றை மாற்றி எழுதியவை விலையற்ற சில்லுகளே. சில்லின் மதிப்பு அது கிடந்த மண்ணடுக்கிலும், உடன் கிடந்த பொருள்களிலும் உள்ளது. பதிவு செய்யாமல் அதனை எடுத்துவிட்டால் அம்மதிப்பு அழிந்துவிடும். ஒரே மண்ணை இருமுறை அகழ முடியாது.

ஆகவே, தன்னார்வலருக்கு முதலில் தேவை ஆர்வமன்று, பயிற்சி. கரண்டியால் மெல்லச் சுரண்டுவது, மண்ணைச் சலிப்பது, குழி எண்ணையும் ஆழத்தையும் குறிப்பது ஆகியவற்றைக் கற்றபின் ஆசிரியரும் இல்லத்தரசியும் ஆய்வுக்குத் துணை நிற்க இயலும்.

அகழ்வதைவிட, கிடைத்தவற்றைக் கழுவி, எண்ணிட்டு, வகைப்படுத்தவே கூடுதல் காலம் பிடிக்கும். நாளேடுகளில் படம் வராத அப்பணிக்குத்தான் கைகள் மிகுதியாகத் தேவை. அதற்காக, ஊதியமற்ற உழைப்பைச் செலவற்ற உழைப்பு என்று ஆட்சியாளர்கள் கருதலாகாது. பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் பாதுகாப்புக் கிடங்குக்கும் நிதி வேண்டும். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களின் பணியிடங்களைக் குறைக்கத் தன்னார்வலர்களைக் காரணம் காட்டுவதும் முறையன்று.

தங்கத்தைப் பூட்டி வைக்க ஒரு காவலர் போதும். சில்லுகளைக் காக்க, அவற்றின் பொருளை உணர்ந்த குடிமக்கள் வேண்டும். அத்தகையோரை உருவாக்குவதே இப்பூங்கா அகழாய்வுகளின் நிலையான ஆதாயம்.